முல்லைப் பெரியாறு பீதிக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று கணினி சொல்லுமா?

கேள்வி இதுதான். மதுரையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முல்லைப் பெரியாறு அணை உடையப் போகிறது என்று 2021 அக்டோபரிலும், வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு 2024 ஆகஸ்டிலும் சமூக ஊடகங்களில் பேரலை கிளம்பியது. அப்படி ஒன்று கிளம்பும்போது அது தானாக வந்ததா, யாராவது திட்டம் போட்டுக் கிளப்பியதா என்று கண்டுபிடிக்க உதவும் டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம் (முடிவு உதவி அமைப்பு) ஒன்றை புராஜெக்டாகச் செய்ய நினைக்கிறார். பதிவுகளைத் திரட்டி, பொய்ச் செய்தியைப் பிரிக்கிற மாடல் ஒன்றைப் பழக்கினால் போதும் என்பது அவர் கணக்கு. கைடு 'ஏஎச்பி போடு' என்கிறாராம், அதாவது விவரம் தெரிந்தவர்களிடம் இரண்டு இரண்டாக ஒப்பிடச் சொல்லி எடை போடும் முறை. யார் சொல்வது சரி?

கைடு சொல்வது பாதி சரி தம்பி. உங்கள் மாடலை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். திட்டம் போட்டுப் பரப்புகிறவன் பொய்யைத்தான் பரப்ப வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. விவரமானவன் உண்மையையே பரப்புவான். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில்தான் அவன் வேலை இருக்கிறது.

இந்த அணையையே பாருங்கள். 1895-இல் கட்டி முடித்தது, உண்மை. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்ந்த கட்டுமானம், உண்மை. 1979-இல் பாதுகாப்பு பயம் கிளம்பி 152 அடி தேக்க வேண்டிய இடத்தில் 136 அடிக்கு இறக்கினார்கள், அதுவும் உண்மை. பழைய அணைகளைப் பற்றி ஐ.நா. பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த அணையின் பெயர் வருகிறது, உண்மை. 1979 பயத்துக்குப் பிறகு கேபிள் நங்கூரம் போட்டதையும், பின்புறம் கான்கிரீட் தாங்கல் கட்டியதையும், 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7-இல் தீர்ப்புச் சொன்னதையும் விட்டுவிட்டு, அந்த நான்கை மட்டும் வரிசையாக எழுதி, கீழே வேறு ஏதோ ஓர் அணையின் மதகில் நுரை தள்ளும் படத்தை ஒட்டினால் பீதி தயார். பொய் அந்தப் படம் ஒன்றுதான். எழுத்தை மட்டும் படிக்கிற உங்கள் மாடல் 'எல்லாம் மெய்' என்று பச்சை விளக்கு காட்டும்.

இதனால்தான் பெரிய நிறுவனங்கள் உள்ளடக்கத்தை விட்டு நடத்தையைப் பார்க்க ஆரம்பித்தன. 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி ஃபேஸ்புக் இந்தியாவில் ஒரு பெரிய களையெடுப்பு செய்தது. காங்கிரஸ் ஐடி பிரிவோடு தொடர்புடைய ஆட்கள் நடத்தியதாக 687 பக்கங்களும் கணக்குகளும் போயின. சில்வர் டச் என்ற ஐடி நிறுவனத்தோடு தொடர்புடையதாக 15 பக்கங்களும் கணக்குகளும் போயின. இரண்டுக்கும் சொன்ன காரணம் ஒன்றே: பதிவில் என்ன எழுதியிருந்தது என்பதற்காக எடுக்கவில்லை, தாங்கள் யார் என்பதை மறைத்து, கூட்டுச் சேர்ந்து இயங்கியதற்காக எடுத்தோம். அதே ஆண்டு கமீல் ஃபிரான்சுவா என்ற ஆய்வாளர் ஆள், நடத்தை, உள்ளடக்கம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சரி, நடத்தையை மட்டும் பார்த்தால் போதுமா? நம்ம ஊரிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் தொடங்கி, தமுக்கத்தில் கூட்டம் உட்கார்ந்து, செல்லூர் பக்கம் வைகைப் பாலத்தில் ரயிலை மறித்து நிறுத்திய அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே வாசகம், ஒரே காளைப் படம், ஒரே மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் பகிர்ந்தார்கள். பாதிப் பேர் அதற்கு முன் ட்விட்டர் பக்கமே போகாதவர்கள், அன்றுதான் கணக்கு தொடங்கினார்கள். புதுக் கணக்கு, ஒரே வாசகம், திடீர் எழுச்சி: கூட்டுச் சதிக்குப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும் எல்லா அடையாளமும் அதில் இருந்தது. நடத்தையை மட்டும் எண்ணும் ஒரு கருவியை அன்று ஓட்டியிருந்தால் மதுரை மாவட்டத்தையே சிவப்பில் காட்டியிருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு வந்த கூட்டம் அது.

மறுபக்கம், 2023 மார்ச் மாதத் தொடக்கம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் சுற்றின. வீடியோவில் இருந்த அடிதடி நிஜம். ஆனால் ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரின் சண்டை என்று காவல்துறை விளக்கம் தந்தது. மார்ச் 8 ஹோலி. ஊருக்குப் போகிற வழக்கமான ரயில் நிலையக் கூட்டத்தையே 'தப்பி ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். அந்த வழக்கில் கைதான பீகார் யூடியூபர் ஒருவரை மதுரை மத்திய சிறையில்தான் வைத்திருந்தார்கள். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர் மீது போட்ட காவல் உத்தரவை அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. நீங்கள் இதில் கவனிக்க வேண்டியது, வீடியோ பொய் என்று காட்டுவதும், அதைப் பரப்பியவர்கள் கூட்டுச் சேர்ந்து செய்தார்கள் என்று காட்டுவதும் தனித்தனி வேலைகள். முதலாவதை இரண்டு நாளில் முடித்துவிடலாம். இரண்டாவதற்குத்தான் நீங்கள் கேட்கிற அமைப்பு.

இப்போது கைடு சொன்னதற்கு வருகிறேன். கீவ் நகரில் உக்ரைன் தேசிய அறிவியல் அகாடமியின் கீழ் தகவல் பதிவு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்கள் இந்த விஷயத்தில் முடிவு உதவி அமைப்புகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். பிரெக்ஸிட்டை ஓர் உதாரணமாக எடுத்தார்கள். தங்கள் அகாடமியையே குறிவைத்த பரப்புரையையும் எடுத்தார்கள். (இந்த இரண்டாவது உதாரணம் எனக்குக் கொஞ்சம் நெருடல். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.) யோசனை எளிமையானது. எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து, 'இந்த இலக்கைக் கெடுக்க வேண்டுமானால் எங்கெல்லாம் தட்டுவேன், எந்தத் தட்டு அதிகம் வலிக்கும்?' என்று விவரம் தெரிந்த ஆட்களிடம் கேட்டு ஒரு மரம் வரைகிறார்கள். மேலே பெரிய இலக்கு, கீழே அதன் கிளைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. அப்புறம் ஊடகக் கண்காணிப்பு மென்பொருள் ஒவ்வொரு கிளையிலும் எத்தனை பதிவு எப்போது வருகிறது என்று எண்ணித் தருகிறது. மரத்தையும் எண்ணிக்கையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கேள்வி கூர்மையாகிறது: அதிகம் வலிக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறார்களா, அல்லது நடப்புச் செய்தி போகிற போக்கில் ஜனங்கள் பேசுகிறார்களா?

உங்கள் அணைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். மேல் இலக்கு, 'பெரியாற்றுத் தண்ணீர் விஷயத்தில் இரு மாநில மக்களும் ஒருவரை ஒருவர் நம்பாமல் போவது'. கீழே நான்கு கிளை போதும். அணை பலவீனம், நீர்மட்டத்தைத் தமிழ்நாடு மறைக்கிறது, சொல்லாமல் கொள்ளாமல் ஷட்டரைத் திறக்கிறார்கள், எல்லையில் நம்ம ஆட்களை அடிக்கிறார்கள். எடை போட யாரைக் கூப்பிடுவது? நீர்வளத் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர், கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவர், குமுளியில் கடை வைத்திருப்பவர் ஒருவர், மலையாளம் படிக்கத் தெரிந்த நிருபர் ஒருவர். இடுக்கிப் பக்கம் அணைக்குக் கீழே குடியிருக்கிற ஒருவரும் கட்டாயம் வேண்டும். அவருக்கு இருப்பது நிஜமான பயம்; அதை மதிக்காமல் போட்ட மரம் பாதி மரம்.

தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏஎச்பி முறையில், இரண்டு இரண்டாக எடுத்து 1 முதல் 9 வரை மதிப்பெண் கேட்க வேண்டும். நான்கு கிளைக்கு 6 ஒப்பீடு. பத்துக் கிளை வைத்தால் 45, பதினைந்துக்கு 105. அத்தனை கேள்விக்கு எந்த விவசாயியும் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார், டீ வாங்கிக் கொடுத்தாலும். பொறியாளரிடம் கேட்டால் அணை பலவீனத்துக்கு அள்ளிக் கொடுப்பார். குமுளிக் கடைக்காரர் எல்லை மோதலுக்குக் கொடுப்பார். 2011 டிசம்பரில் கம்பம் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்ததும், தடை உத்தரவு போட்டதும் அவர் கண்ணெதிரே நடந்தவை. இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வித்தியாசத்தை அப்படியே பதிவு செய்யுங்கள். எந்தக் கிளையில் நிபுணர்களே பிரிகிறார்களோ, அங்கே கணினி தரும் எண்ணை அரை நம்பிக்கையோடு படிக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே ஆளின் பதிலுக்குள்ளேயே முரண் வரும். அணை பலவீனத்தைவிட எல்லை மோதல் 3 மடங்கு மோசம் என்பார். எல்லை மோதலைவிட ஷட்டர் 2 மடங்கு என்பார். கடைசியில் ஷட்டரைவிட அணை பலவீனம் 4 மடங்கு என்று தொடங்கின இடத்துக்கே வந்து நிற்பார். இதை அளக்கத்தான் சாட்டி முறையில் முரண் விகிதம் இருக்கிறது, 0.1-க்கு மேல் போனால் திரும்பக் கேட்க வேண்டும். அந்தப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரும்பக் கேட்கும்போதுதான் 'அது ராத்திரி திறந்தா வேற, பகல்ல திறந்தா வேற சார்' என்பது மாதிரி ஒரு பதில் வரும். ஒரு கிளை இரண்டாகப் பிரிய வேண்டியது அப்போதுதான் தெரியும்.

எண்ணுகிற பக்கம் தமிழ் உங்களைப் பாடாய்ப் படுத்தும். தயாராக இருங்கள். 'முல்லைப் பெரியாறு' என்று தேடினால் 'முல்லைப் பெரியாற்றில்' சிக்காது. வேற்றுமை ஏறும்போது சொல்லே மாறிவிடுகிறது. ஒற்று இல்லாமல் எழுதுவார்கள், சேர்த்து எழுதுவார்கள், ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். பாதிப் பேர் கடைசி எழுத்தை மாற்றிப் 'பெரியார்' என்றே எழுதுகிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தேடலை அகலப்படுத்தினீர்களோ, தந்தை பெரியாரைப் பற்றிய சண்டை முழுக்க உள்ளே வந்துவிடும். மதுரையில் உட்கார்ந்து தேடினால் பெரியார் பஸ் ஸ்டாண்ட் டிராஃபிக் புலம்பலும் கூடவே வரும். 'அணை', 'அடி', 'ஷட்டர்', 'வண்டிப்பெரியாறு', 'குமுளி' மாதிரிச் சொற்களில் ஒன்றாவது பக்கத்தில் இருந்தால் மட்டும் எடு என்று நிபந்தனை போடுங்கள். எடுத்ததில் சில நூறு பதிவுகளைக் கையால் படித்துச் சரிபாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இந்த இடத்தில் சோம்பினால் மேலே கட்டுவது எல்லாம் வீண்.

அப்புறம் நியூஸ் கார்டு. தமிழில் பீதி பெரும்பாலும் எழுத்தாக வருவதில்லை; ஏதாவது ஒரு டிவி சேனலின் லோகோவும் வண்ணமும் போட்ட படமாக வருகிறது. போலி கார்டுகளை நிறைய பார்த்தால் கண் பழகிவிடும். சேனல் வழக்கமாகப் போடும் எழுத்துரு இருக்காது, தேதி இருக்கிற மூலை மாறியிருக்கும், பெயருக்கு முன்னால் 'திரு' போடாத சேனலில் 'திரு' இருக்கும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆரையும், ஒரே படம் அளவு மாறியோ தரம் குறைந்தோ திரும்ப வருகிறதா என்று பார்க்கும் பட ஹாஷையும் சேருங்கள். பட ஹாஷுக்கு ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) 2019-இல் இலவசமாக வெளியிட்ட பிடிக்யூ போதும். வாட்ஸ்அப்பை வெளியிலிருந்து அள்ள முடியாது, அள்ளவும் கூடாது. ஜனங்களே அனுப்பி வைக்கிற ஒரு எண் வைத்தால் வருவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை 5 சாட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் செய்தது, பிள்ளை பிடிப்பவர் வதந்தியில் ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு. அந்த ஆண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு மூதாட்டி அப்படித்தான் செத்தார்.

எண்ணிக்கை வந்ததும் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் நிபுணர்கள் தந்த எடை. உதாரணத்துக்கு, எல்லை மோதல் 0.45, அணை பலவீனம் 0.30, ஷட்டர் 0.15, மறைப்பு 0.10 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் அந்த வாரம் உண்மையில் நடந்தவற்றைப் பார்த்தால் ஜனங்கள் எதைப் பேசுவார்கள் என்ற எதிர்பார்ப்பு. மூன்றாவதில் உண்மையில் வந்த பதிவுகளின் பங்கு. பலரும் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். முழு ஆய்வும் அதில்தான் நிற்கிறது. 2021 அக்டோபர் 16 அன்று கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் மழையும் நிலச்சரிவும் ஆட்களைக் கொன்றன. அந்த மாதக் கடைசியில் ஷட்டர் திறந்தார்கள். நவம்பரில், பெரிய அணையை ஒட்டிய சிறிய அணையான பேபி அணைப் பக்கம் 15 மரம் வெட்ட அனுமதி கொடுத்துக் கேரளா திரும்பப் பெற்றது. இவ்வளவு நடக்கும்போது 'அணை பலவீனம்', 'ஷட்டர்' இரண்டும் எகிறியதில் ஆச்சரியமே இல்லை. பயத்தைக் கிளப்ப ஆளே வேண்டியதில்லை, மழையே போதும். 2024-க்கும் அதே கதைதான். ஆனால் எல்லையில் ஒரு கல்கூட விழாத வாரத்தில் 'நம்ம லாரியை அடிச்சிட்டாங்க' கிளை மட்டும் தனியாக ஏறுகிறதா, அதுவும் நிபுணர்கள் அதிகம் வலிக்கும் என்று சொன்ன கிளையாக இருக்கிறதா, அங்கே நில்லுங்கள். நிஜமான பயத்தின் முதுகில் ஏறிப் போவதுதான் திட்டம் போட்டுப் பரப்புகிறவர்கள் வழக்கம். புதிதாக ஒரு பயத்தை உண்டாக்குவது செலவு பிடித்த வேலை.

நின்ற இடத்தில்தான் நடத்தையைப் பார்க்க வேண்டும். யார் யாரோடு சேர்ந்து ஒரே லிங்கைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பகிர்கிறார்கள், அந்தக் கணக்குகள் போன மாதம் எதைப் பேசின, தமிழில் 'அடிச்சிட்டாங்க' என்றும் மலையாளத்தில் அதற்கு நேரெதிராகவும் ஒரே வட்டம் பதிகிறதா. ஜல்லிக்கட்டு வாரத்தையும் இதையும் பிரித்துக் காட்டும் ஒரு நல்ல குறி, பதிவுகள் எவ்வளவு உருமாறுகின்றன என்பது. ஜனங்கள் தாங்களாகப் பேசும்போது ஊர்ப் பெயரைச் சேர்ப்பார்கள், கிண்டல் பண்ணுவார்கள், எழுத்துப்பிழை விடுவார்கள், இரண்டு நாளில் மீம் பத்து வடிவம் எடுத்துவிடும். ஒரே இடத்திலிருந்து வந்தது விறைப்பாக அப்படியே நிற்கும். நிற்கும் என்பதைவிட நின்றது என்பதே சரி. இப்போது ஏஐ ஒரு வாசகத்தை நூறு விதமாக எழுதித் தருகிறது. வாசக ஒற்றுமையை மட்டும் நம்பாமல் நேரத்தையும் பகிர்வு வலையையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி ஒரு கணக்கு. உங்கள் அமைப்பு 10,000 அலைகளைப் பார்க்கிறது, அதில் 20 மட்டும் திட்டமிட்டவை என்று வைத்துக்கொள்வோம். திட்டமிட்டதில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, அப்பாவி அலைகளில் 5 சதவீதத்தை மட்டும் தவறாகப் பிடிக்கிறது. வைவாவில் கைதட்டுவார்கள். ஆனால் சரியாகப் பிடித்தது 18. தவறாகப் பிடித்தது 9,980-இல் 5 சதவீதம், 499. மணி 517 முறை அடித்தால் 18 முறைதான் நிஜம். நூற்றுக்கு நான்குகூட இல்லை.

அப்படியானால் இந்த அமைப்பே எதற்கு என்று தோன்றும். அதன் பெயரிலேயே முடிவுக்கு உதவுவது என்று இருக்கிறதே, எந்த முடிவுக்கு என்று முதலில் எழுதுங்கள். அணை நீர்மட்டத்தை மணிக்கு மணி ஆட்சியர் அலுவலகம் வெளியிட வேண்டுமா என்பது ஒரு முடிவு. மணி தவறாக அடித்திருந்தாலும் இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. லேசான சந்தேகத்திலேயே செய்யலாம். மறுப்பு அறிக்கை விடுவது அடுத்தது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் உறுதி வேண்டும், ஏனென்றால் பத்துப் பேர் பார்த்த வதந்தியை மறுப்பே பத்தாயிரம் பேரிடம் கொண்டுபோகும். கணக்குகளைத் தளத்திடம் புகார் செய்வதற்கு நடத்தை ஆதாரம் கையில் இருக்க வேண்டும். ஒருவர் மேல் வழக்குப் போடுவதற்கு உங்கள் அமைப்பு தரும் எண் எந்தக் காலத்திலும் காரணமாகக் கூடாது. அதை விசாரணைதான் சொல்ல வேண்டும். தவறினால் வரும் நஷ்டத்தைப் பொறுத்து ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வாசல் உயரம் வையுங்கள். ரிப்போர்ட்டில் இந்த அட்டவணை இருந்தால் உங்கள் வேலை நூறு கிளாசிஃபையர் புராஜெக்ட்டுகளுக்கு மேலே நிற்கும்.

முன்னால் நெருடல் என்று சொன்னேனே, அது இதுதான். மரத்தின் உச்சியில் ஒரு நிறுவனத்தின் நற்பெயரை வைத்தால், அந்த நிறுவனத்தைப் பற்றிய ஒவ்வொரு விமர்சனமும் 'தாக்குதல்' என்று எடை பெறும். கணக்கு துல்லியமாக இருக்கும், அளக்கிற பொருள் தப்பாக இருக்கும். அரசு கையில் இது போனால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வெளிநாடு போக வேண்டாம். தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்று ஒன்றிய அரசே அமைக்கும் குழு தீர்மானிக்க வழி செய்த ஐடி விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. உங்கள் உச்சி 'நீர்வளத் துறையின் பெயர்' என்று ஒருநாளும் இருக்க வேண்டாம். மக்களுக்கு நேரும் கெடுதலாக இருக்கட்டும்.

சோதிக்க டேட்டாவுக்கு எங்கே போவது? 2018 அக்டோபரில் ட்விட்டர், ரஷ்யா, ஈரான் தொடர்புடைய கணக்குகளின் 1 கோடிக்கும் மேற்பட்ட ட்வீட்களை ஆய்வாளர்களுக்கு வெளியிட்டது. அதைத் 'திட்டமிட்டது' பக்கத்துக்கு வையுங்கள். தமிழ் கிடைக்காது, நடத்தைப் பகுதியைச் சோதிக்க மொழி தடையில்லை. 'தானாக வந்தது' பக்கத்துக்கு 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் பதிவுகளைத் தேடிச் சேருங்கள். அதைச் சிவப்பாகக் காட்டாமல் விடும் வரை உங்கள் அமைப்பு தயார் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிபுணர்களைப் பார்க்கப் போகும் தேதியைக் கைடிடம் இப்போதே பேசிவிடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் திறப்பார்கள். நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் உங்கள் ஒப்பீட்டுப் படிவத்தை யாரும் கையில்கூட வாங்க மாட்டார்கள். மே இரண்டாம் வாரத்துக்குள் போய் வந்துவிடுங்கள்.